சனிக்கிழமை ரிப்போர்ட்

ரிப்பேருக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றுதான். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க, அதுவா நின்னுபோச்சுங்க." சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டு நாலு வருஷம் ஆகிறது. காபி குடித்த கீபோர்டு, எலி குடித்தனம் நடத்திய சிபியு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாமே அதுவாக நின்றவைதான்.

அதனால் 1996 ஆகஸ்ட் இருபத்திரண்டு, வியாழக்கிழமை காலை, சுப்பையன் மாடியேறி வந்து அதையே சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐம்பது வயசிருக்கும். காக்கிச் சட்டை, காதோர முடியில் பஞ்சு. "ரம்லாங்கிறது யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றதும் எனக்குப் பின்னால் ஆம்பளை யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். அதுவும் எனக்குப் பழகிப்போனதுதான்.

மஞ்சள் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய 386. செங்கல் கனம். கூடவே அதை வெளியே கொண்டுவர மில் கொடுத்த கேட் பாஸ்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஆகோணுங்க அம்மணி."

"வேலை நிறைய கெடக்குதுங்க. சனிக்கிழமை வாங்க."

"நாலு மணிக்கு என்கொயரிங்க. எனக்குத்தானுங்க."

உட்காரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். சுப்பையன் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். அங்கே பஞ்சை இழுத்துத் திரியாக்கும் டிராயிங் மிசின்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கியர் பக்கத்தில் ஒரு கதவு உண்டு. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் சுவிட்ச் மிசினை உடனே நிறுத்திவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஏழாம் நம்பர் மிசினில் பஞ்சு சுற்றிக்கொண்டது. பாவாத்தாள் என்ற பெண் கதவைத் திறந்து கையை விட்டாள். மிசின் நிற்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

பன்னிரண்டு கதவையும் வாராவாரம் சோதித்து இந்த லேப்டாப்பில் ரிப்போர்ட் அடிக்க வேண்டியது சுப்பையன் பொறுப்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த மிசின்களை மாட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர்கள் விட்டுப்போன லேப்டாப் அது. சனிக்கிழமை இவர் அடித்து வைப்பார். திங்கட்கிழமை மேனேஜர் கோவிந்தராஜுலு வந்து திரையிலேயே படித்துவிட்டு, வேண்டிய சாமானுக்கு ஸ்டோருக்குச் சீட்டு எழுதுவார். பிரிண்டர் கெட்டு ஒரு வருஷமாகிறது, யாரும் கவலைப்படவில்லை.

"ஏழாம் நம்பர் சுவிட்ச் போயிருச்சு, புதுசு வேணும்னு சனிக்கிழமையே அடிச்சுப்போட்டேனுங்க. அந்த ராஜுலு சார், ரிப்போர்ட்ல எல்லாம் ஓகேன்னுதான் இருந்துச்சுங்கறாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யுங்க. திங்கக்கெழம சாயங்காலம் இந்த லேப்டாப் படுத்துக்கிச்சு. செவ்வாக்கெழம அந்தப் புள்ள கை போச்சு."

"மேனேஜர்தாங்க பொய்" என்றேன், யோசிக்காமல்.

என் அத்தாவையும் ஒரு மில் இப்படி ஒரு மத்தியான என்கொயரியில் உட்காரவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு அப்போது பதினொரு வயது. அத்தா மேல் தப்பிருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேனேஜர் மேல்தான் தப்பு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். சுப்பையனுக்கு வேலை போகக்கூடாது என்று எனக்கு ஏன் அப்படித் துடித்தது என்றால், காரணம் அதுதான். அவருடைய நல்ல முகம் அல்ல.

லேப்டாப் ஸ்விட்சைப் போட்டேன். திரை வெளுத்து, மெமரியை எண்ணி முடித்து, ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது. செட்டப்பைத் திறந்தால் தேதி 1980 ஜனவரி ஒன்று. அது பரவாயில்லை. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் இந்த வயசு மெசின்களுக்குத் தேதியும் மறந்துபோகும், எந்த டிஸ்க் தன் வயிற்றில் இருக்கிறது என்பதும் மறந்துபோகும். டிஸ்க்கின் அளவுகளைக் கையால் கொடுத்தேன். மறுபடி ஸ்விட்ச். டிக், டிக், டிக் என்று மூன்று தட்டு. பிறகு மௌனம்.

அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தேன். போர்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் கம்பளி மாதிரி பஞ்சு, கனெக்டர் கால்களில் பச்சைக் களிம்பு. பச்சையென்றால் தண்ணீர் பட்டிருக்கிறது. மேஜைமேல் இருக்கும் லேப்டாப்புக்குள் எண்ணெயும் தண்ணீரும் எங்கிருந்து வரும்?

"ஏனுங்கண்ணா, இதுக்குக் காத்து அடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"மில் கம்ப்ரசர் காத்து. உண்மையச் சொல்லுங்க. எனக்குக் காது குத்தியாச்சு."

அவர் கேட் பாஸை மடித்தார், பிரித்தார். "வாராவாரம் அடிப்பனுங்க. எல்லா மிசினுக்கும் அடிக்கறதுதானுங்க. பஞ்சு சேந்தாச் சூடாகும்ல. சனிக்கிழமை ரிப்போர்ட் அடிக்கறதுக்கு முன்னாடி இதுக்கும் ஒரு அடி."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மில்லில் அது சரியான பழக்கம். காற்றடிக்காவிட்டால் எந்த மிசினும் ஒரு ஷிஃப்ட் தாண்டாது. ஆனால் கம்ப்ரசர் குழாயில் காற்றோடு தண்ணீரும் வரும், எண்ணெயும் வரும். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த மனிதர் ஆறு வருஷமாக லேப்டாப்பைப் பாசத்தோடு கொன்றுகொண்டிருந்திருக்கிறார்.

திட்டவும் செய்தேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன். மணி பன்னிரண்டேகால்.

டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, சுத்தம் செய்து, அடாப்டர் போட்டு என் மேஜைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். எண்பது எம்பி. சுழலவில்லை. உள்ளே சுழலும் தட்டும் அதைப் படிக்கும் ஊசியும் ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகும். கரண்ட் கொடுக்கும் அதே நொடியில் டிஸ்க்கைக் கையில் பிடித்து வெடுக்கென்று திருப்ப வேண்டும். சில சமயம் விட்டுக்கொடுக்கும். சில சமயம் ஊசி தட்டைக் கீறிவிடும், அத்தோடு கதை முடிந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"வேற வழி இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப பண்ணுங்க அம்மணி."

முதல் திருப்பு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவதில் உள்ளங்கைக்குள் ஒரு நடுக்கம் எழுந்து, நிலைத்து, மெல்லிய ஊளையாக மாறியது. சுழல்கிறது. உயிர் போய் வந்தது எனக்கு. அவர் எழுந்து நின்றேவிட்டார்.

இந்த நிலையில் டிஸ்க்கில் எதையும் தேடக்கூடாது, எதையும் எழுதக்கூடாது. நின்றால் மறுபடி ஓடுமென்று உத்தரவாதமில்லை. முதலில் மொத்தத்தையும் கட்டம் கட்டமாக என் டிஸ்க்கில் பிரதி எடுக்க வேண்டும், பிறகு அந்தப் பிரதியை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி வேண்டுமானாலும் செய்யலாம். பிரதியெடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். முடிந்தால் ஒரு நீள பீப் அடிக்கும். நல்ல டிஸ்க் என்றால் சில நிமிஷ வேலை. இது ஒவ்வொரு கெட்ட கட்டத்திலும் தடுக்கி, டிக் டிக் என்று திரும்பத் திரும்ப முயன்று, நொண்டிக்கொண்டு போனது. பத்து சதவீதம். பதினெட்டு. முப்பத்தொன்று.

ஒன்றரை மணிக்கு ஐம்பத்தெட்டு சதவீதத்தில் கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. என் யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும், அதுவும் அதன் நல்ல நாளில். மீதி நாற்பத்திரண்டு சதவீதம். கெட்ட கட்டங்கள் குறைந்து கொஞ்சம் முன்னால்தான் வேகம் பிடித்திருந்தது, அதுதான் ஒரே நம்பிக்கை. நான் கை நீட்டி மானிட்டரை அணைத்தேன். கரண்டை அதிகம் தின்பது அதுதான்.

"என்னங்க, நின்னுபோச்சுங்களா?"

"ஓடுதுங்க. திரையத்தான் நிறுத்துனேன். பேசாதீங்க."

அதற்குப் பிறகு காதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யுபிஎஸ் கத்தலுக்கு நடுவே டிஸ்க்கின் ஊளை. ஒவ்வொரு டிக்கிற்கும் அவர் தாடை இறுகுவதைப் பார்த்தேன். அவர் மில்லில் முப்பது வருஷமாக மிசின்களைக் காதால் கேட்டவர். நடுவில் ஒருமுறை, "இப்பச் சத்தம் மாறுதுங்க, பேரிங் தேயறாப்ல" என்று முணுமுணுத்தார். எனக்கும் கேட்டது. ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை. யுபிஎஸ் கத்தல் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இடைவெளியே இல்லாமல் ஒரே கூச்சலாக ஆனபோது அதற்குள்ளிருந்து நீள பீப் வந்தது. ரெண்டும் ஒன்றுதானோ என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம். மானிட்டரைப் போட்டேன். முடிந்தது என்று இருந்தது. அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் யுபிஎஸ்ஸும் அடங்கியது.

இரண்டேமுக்காலுக்குக் கரண்ட் வந்தது. பழைய டிஸ்க்குக்கு இனி சுழல மனமில்லை. பத்துத் தடவை திருப்பினேன், செத்துவிட்டது. இனி பிரதி ஒன்றுதான் கதி.

பிரதியைத் திறந்தேன். ஆகஸ்ட் பதினேழாம் தேதி ஃபைல் பட்டியலில் இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். திறந்ததும் பன்னிரண்டு வரி வந்தது. பன்னிரண்டிலும் ஓகே. ஏழிலும் ஓகே.

அவர் விரலைத் திரையில் ஏழாம் வரியின் மேல் வைத்தார்.

"இருங்கண்ணா" என்றேன். "மேல தேதியப் பாருங்க. பத்தாம் தேதின்னு இருக்குது. இது போன வாரத்து ரிப்போர்ட்."

இரண்டு ஃபைலையும் சோதித்தேன். நான் நினைத்ததுதான். டிஸ்க்கில் எந்த ஃபைல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணை உண்டு. அந்த அட்டவணை கெட்டிருந்தது. பத்தாம் தேதி ஃபைலும் பதினேழாம் தேதி ஃபைலும் ஒரே கட்டத்தைக் காட்டின. ஒரே வீட்டு விலாசத்துக்கு ரெண்டு குடும்பம் ரேஷன் கார்டு வாங்கியது போல. அப்படியென்றால் பதினேழின் நிஜமான எழுத்து விலாசம் தொலைந்து வேறெங்கோ கிடக்கிறது. மேனேஜர் திங்கட்கிழமை படித்ததும் ஒருவேளை இந்த மாறாட்டமாகவே இருக்கலாம். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அப்ப ராஜுலு சாரும் பொய் சொல்லலீங்களா? நான் மூணு நாளா அந்த மனுசனை மனசுக்குள்ள கண்டபடி வைஞ்சுகிட்டிருக்கனுங்க. சுவிட்ச் வரலைன்னதும், வேணும்னே இழுத்தடிக்கறார்னு நெனச்சேன்."

விலாசம் தொலைந்த துண்டுகளையெல்லாம் சேர்க்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். ஆறு துண்டு கிடைத்தது. மணி மூன்று பத்து. முதலாவது, ஏதோ வெளிநாட்டுக் கடிதம். இரண்டாவதும் மூன்றாவதும் வெறும் குப்பை எழுத்து. நாலாவதைத் திறந்தேன். ஆகஸ்ட் 17 என்று தொடங்கியது.

"இதானுங்க" என்றார்.

பதினோராம் மிசினுக்கு எதிரே, பெல்ட் மாற்றியது என்று இருந்தது. "ஆமாங்க, அன்னிக்குத்தான் மாத்துனேன்." கண் மேலே ஏறியது. பத்து, ஓகே. ஒன்பது, ஓகே. எட்டு, ஓகே.

ஏழு, ஓகே.

மறுபடி படித்தேன். துண்டை மூடித் திறந்தேன். மீதி இரண்டு துண்டையும் பார்த்தேன், அவற்றில் ஒன்றுமில்லை. இதுதான் பதினேழாம் தேதி ரிப்போர்ட். அவர் கையால் அடித்தது. மேனேஜர் படித்தது.

"நீங்க எப்பிடிங்கண்ணா ரிப்போர்ட் அடிப்பீங்க? ஒவ்வொரு வாரமும் புதுசாவா?"

"இல்லீங்க. போன வாரத்ததக் காப்பி எடுத்து, தேதிய மாத்தி, மாறுன வரிய மட்டும்..." அவர் நிறுத்தினார். கண்கள் திரையை விட்டு எங்கோ போயின. பிறகு மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு ஏழாம் நம்பரத்தானுங்க மொதல்ல அடிச்சேன். அடிச்சுட்டிருக்கையிலயே அப்பிடியே ஹேங் ஆயிருச்சு. நிறுத்திப் போட்டேன். சங்கு ஊதிருச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு. மறுபடி காப்பி எடுத்து, தேதிய மாத்தி, பெல்ட்ட அடிச்சு... ஏழு அடிச்சாச்சுன்னு நெனச்சுட்டனுங்க. அடிச்சது நெனப்புல இருந்துச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. மேனேஜரும் சொல்லவில்லை. கோபப்பட ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அது பொல்லாதது.

"அந்த மொதல்ல அடிச்சது எங்கயாவது இருக்குங்களா அம்மணி? ஒரு துண்டாவது?"

"சேவ் பண்றதுக்கு முன்னாடி ஹேங் ஆச்சுன்னா எங்கயும் இருக்காதுங்கண்ணா."

மணி மூன்றரை. நான் செத்த டிஸ்க்கைக் கையில் எடுத்தேன். கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அன்றைக்கும் இருக்கவில்லை.

"டிஸ்க் செத்துப்போச்சு, ஒண்ணும் எடுக்க முடியலைன்னு கடை லெட்டர்ல எழுதித் தர்றேன். டிஸ்க்கும் நெசமாவே செத்துத்தான் கெடக்குது. யாரு சோதிச்சாலும் அதான் சொல்வாங்க. ஒரு பக்கம் நீங்க சொல்றது, ஒரு பக்கம் அவர் சொல்றது. அதோட நிக்கும். முப்பது வருச சர்வீஸ் தப்பிக்கும்."

அவர் டிஸ்க்கை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. யோசிக்கட்டும், சரியென்று சொல்லட்டும் என்று நான் மனசார வேண்டிக்கொண்டேன். கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்.

"பாவாத்தா வேலைக்குச் சேந்த மொத நாள், கியரப் பாத்துப் பயந்துச்சுங்க" என்றார் கடைசியில். "நாந்தானுங்க சொன்னேன். கதவத் தொறந்தா மிசின் தானா நின்னுரும் கண்ணு, நான் வாராவாரம் பாக்கறேன், பயப்படாதேன்னு. கைய விடறப்பக்கூட அது அதத்தான் நெனச்சிருக்கும்."

"மேனேஜருந்தான் ஒருவாட்டி நேர்ல வந்து பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாமுங்க. அதுக்கு அவரு பதில் சொல்லட்டும்." டிஸ்க்கை மேஜையில் வைத்தார். "நான் அடிச்சது இதுதானுங்களே. இதையே பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க."

நான் அசையவில்லை. அவர், "நேரமாகுதுங்க" என்றார், என்னமோ நான்தான் அவரைக் காக்கவைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

பிரிண்டர் பன்னிரண்டு வரியையும் கரகரவென்று இழுத்து அடித்தது. காகிதத்தைக் கிழிக்க என் கை வரவில்லை. அவரே ஓரத்தைக் கிழித்து, மேஜைமேல் வைத்து, என் பேனாவை வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நான் அடிச்சனுங்க அம்மணி. மொதல்ல. ஏழாம் நம்பர்னு அடிச்சேன்."

"நம்பறனுங்கண்ணா."

"நீங்க நம்பிருவீங்க" என்றார். "என்கொயரி முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குத்தான் போறனுங்க. அந்தப் புள்ள நம்போணுமே."